நெல்டா தன் வெல்டைத் தானே அறுத்த கதை

நெல்டா பெர்டொலினோவைப் பற்றி எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் அவள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அவளுடைய பிக்கப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுரங்கம் மூடிவிட்டது. பிக்கப் ஓடுகிறது.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஜப்பான் வண்டி. வாங்கும்போது சிவப்பு. எங்கள் யூட்டா மாநிலத்து வெயிலில் இருபது வருஷம் நின்று இப்போது வெளுத்துப்போன தக்காளி நிறம். இரண்டே பேர் உட்காரலாம். பின்னால் ஸ்ட்ரெச்சர், கயிறு, தண்ணீர் கேன், போர்வை. நெல்டா எங்கள் கவுண்டியின் மலை மீட்புக் குழுவில் இருக்கிறாள். ஷெரீப் என்கிற மாவட்டப் போலீஸ் தலைவருக்குக் கீழே வேலை செய்யும் குழு. சம்பளம் கிடையாது. பள்ளத்தாக்கில் யாராவது விழுந்தால், வழி தவறினால், சொந்த வண்டியில் சொந்த பெட்ரோலில் போய்த் தூக்கி வர வேண்டும்.

எனக்கு அவளை எண்பத்து மூன்றிலிருந்து தெரியும். நான் அப்போது யூனியனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். சுரங்க கேட்டில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். மற்றவர்கள் மடித்துப் பையில் போட்டார்கள். இவள் அங்கேயே நின்று இரண்டு பக்கமும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க யூனியன்காரரே. பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்குக் கதவே இல்ல. அது இதுல எங்க இருக்கு?"

அதில் இல்லை. அடுத்த பிரசுரத்தில் அதுதான் முதல் வரி. நான்கு மாதத்தில் கதவு வந்தது. அன்றிலிருந்து என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. யூனியன்காரரேதான்.

இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் வெல்டர். அதில் இருபத்தொரு வருஷம் சுரங்க மீட்பு அணியிலும் இருந்தாள். சுரங்கம் மூடியபோது ஐம்பத்தெட்டு வயது. மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். இவளுக்கு மிச்சமிருந்தது மலை மீட்புக் குழு மட்டும்தான்.

அந்த வருஷம் மே மாதம் ஒரு கல்லூரிப் பெண் பாறையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். முதலில் போய்ச் சேர்ந்தவள் நெல்டா. ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கட்டித் திரும்பும்போது ஒரு பாறைப் படியில் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் முறிந்தது. குழுவின் இன்னொரு வண்டி மேலே வர இரண்டு மணி நேரம். அந்தப் பெண் பிழைத்தாள், இப்போது நடக்கிறாள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நெல்டா. அதற்கு முந்தைய வருஷமும் அதே ஷாஃப்ட் ஒருமுறை போயிருந்தது.

குழுவின் தலைவர் கஸ் மனுசாக்கிஸ். கிரேக்கக் குடும்பம், எழுபது வயது, சுரங்க மீட்பு அணியில் நெல்டாவோடு இருந்தவர். ஜூனில் அவள் வீட்டுக்கே வந்து சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல நெல்டா. வண்டி மேலதான்."

"நான் வேற, வண்டி வேறயா?"

"அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை சோதனை. எல்லாரும் ஏறுற கழுதைப் படிப் பாறைய நீயும் ஏறணும். மூணு தடவ பாக்கலாம். ஏறலைன்னா பேரு பட்டியல்லேர்ந்து போயிடும். ரேடியோ மேசைல உக்காந்துக்கலாம்."

"உக்காந்து ஸ்வெட்டர் பின்னவா?"

"காப்பி குடுப்போம்."

"உன் காப்பிய நீயே குடிய்யா."

கஸ் போன பிறகு அவள் வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கோளாறு என்னவென்றால் இதுதான். அந்த வண்டியில் முன் சக்கரம் இரண்டும் தனித்தனி இரும்புக் கையில் தொங்கும். தார் ரோட்டில் சொகுசு. பாறையில் ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போது ஸ்டியரிங்கையும் முழுக்க ஒடித்து, ஆக்சிலரேட்டரையும் அமுக்கினால் அந்த மெல்லிய ஷாஃப்ட் என்ன செய்யும்? நம்மூர்ப் பாறைக்கு என்று செய்த சாமான் இல்லை அது. பழைய மாடல்களில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய், உள்ளே தடித்த ஷாஃப்ட். ஒரு சக்கரத்தைப் பாறை மேலே தூக்கினால் மறு சக்கரத்தை அதே குழாய் கீழே அழுத்தும். நாலும் தரையைப் பிடிக்கும். எங்கள் பக்கம் பாறை ஏறுகிறவர்கள் புது வண்டியின் முன்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு இந்தப் பழைய குழாய் ஆக்ஸிலை மாட்டுவார்கள்.

நெல்டா அதைத்தான் செய்வதென்று முடிவு கட்டினாள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒருவனிடம் எண்பத்து நாலாம் வருஷத்து ஆக்ஸில் ஒன்று கிடந்தது. அவனுடைய கேட் கீலை வெல்டு பண்ணிக் கொடுத்து அதை எடுத்து வந்தாள். தலா நாலு இரும்புப் பட்டை அடுக்கிய ஸ்பிரிங் இரண்டும் அங்கேயே கிடைத்தன.

இப்போது லவாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்டாவின் புருஷன். காப்பியே கூடாது என்கிற மார்மன் கிறிஸ்தவ சபை வீட்டுப் பிள்ளை. காப்பி குடிக்க மாட்டான், ஆனால் இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறான். பலசரக்குக் கடையில் காய்கறிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அவனுடைய சபையே பரிதாபப்பட்டதாம். எங்கள் யூனியனும் பரிதாபப்பட்டது. இரண்டு பக்கமும் கணக்குத் தப்பிவிட்டது.

வேலை ஆகஸ்டில் தொடங்கியது. முன்பக்கத்துப் பழைய கைகளையெல்லாம் காஸ் வைத்து அறுத்துத் தள்ளினாள். வெல்டிங் முகமூடியை மாட்டுவதற்கு முன் குரல் கொடுப்பாள்.

"யோவ் லவார்! வாளிய எடுத்துட்டு வாய்யா!"

லவார் ஒரு வாளி நிறையச் சுண்ணாம்புக் கல் தூளோடு வந்து நிற்பான். பொறி பறந்தால் அணைக்க. தண்ணீர்க் குழாயும் கையில். பூமிக்கடியில் வெல்டு வைத்தால் பக்கத்தில் ஒருவர் இப்படி நின்றே ஆக வேண்டும். வாயு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், நடுவில் பார்க்க வேண்டும், முடித்த பிறகும் பொறி அணைந்ததா என்று காவல் இருக்க வேண்டும். இது அவளுடைய கார் ஷெட். கதவு திறந்திருக்கிறது. ஐந்து மைலுக்கு வாயு கிடையாது. இருந்தாலும் லவார் நிற்பான்.

"எதுக்குய்யா நிக்கிற? உள்ள போய் உக்காரேன்" என்று நான் கேட்டேன்.

"அவளுக்கு முதுகுக்குப் பின்னாடி ஆள் இல்லைன்னா கை ஓடாது" என்றான்.

சுரங்க வெல்டருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது. மேலே இருக்கும் பட்டறைக்காரன் முதலில் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு வைத்துத் துண்டை நிறுத்துவான். அளப்பான், தட்டுவான், திருப்புவான். எல்லாம் சரி என்றான பிறகுதான் முழு வெல்டு. கீழே அதற்கெல்லாம் இடமில்லை. ஒரு முறை அனுமதி வாங்கி, வாயு பார்த்து, ஆள் நிறுத்தி நெருப்பு மூட்டினால் அந்த மூச்சிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். மெஷின் நின்றால் நாற்பது பேர் நிற்பார்கள். நெல்டா இருபத்தாறு வருஷத்தில் பொட்டு வைத்ததே கிடையாது. கண்ணால் அளந்து முழுசாக ஓட்டிவிடுவாள். அவள் வைத்தது விட்டதும் கிடையாது.

ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டை மேல் உட்கார வைக்க இரண்டு இரும்பு இருக்கைகளைக் குழாயோடு வெல்டு பண்ண வேண்டும். அதற்கு முன் குழாயை எந்தச் சாய்வில் திருப்பி நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். நெல்டா அடியில் படுத்துப் பார்த்தாள். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக வந்து ஆக்ஸிலின் கியர் குண்டில் சேர வேண்டும். கோணல் இருந்தால் மூட்டு தேயும். கீழே ஆயிரம் மெஷினுக்கு அவள் ஷாஃப்ட் நேர் பார்த்திருக்கிறாள். குண்டின் மூக்கை நன்றாகத் தூக்கி ஷாஃப்டுக்கு நேராகத் திருப்பினாள். லவாரைக் கூப்பிட்டாள். முழுசாக ஓட்டினாள்.

"பாருங்க யூனியன்காரரே. நூல் புடிச்ச மாதிரி."

பார்த்தேன். நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. எனக்கு வெல்டு தெரியாது, பிரசுரம்தான் தெரியும். கைதட்டினேன்.

செப்டம்பர் கடைசியில் வண்டி தரையிறங்கியது. நாலு விரல் உயரம் கூடியிருந்தது. ஊருக்குள் ஒரு சுற்று போய் வந்தாள், வாயெல்லாம் பல். பிறகு நெடுஞ்சாலையில் ஏறினாள். நானும் லவாரும் அவனுடைய காரில் பின்னால் போனோம்.

நாற்பத்தைந்து மைல் வேகம் வந்திருக்கும். ஒரு பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் தட்டியது. அவ்வளவுதான், வண்டியின் முகம் இடமும் வலமும் உதறத் தொடங்கியது. நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி. இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் ஓடப் பார்த்தன. லவார் என் கையைப் பிடித்துக்கொண்டான். காரை ஓட்டிக்கொண்டிருந்ததே அவன்தான். அதைச் சொல்லி நான் கத்த வேண்டியிருந்தது.

நெல்டா எப்படியோ ஓரம் கட்டினாள். இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். முன் டயரை உதைத்தாள்.

"டயரு" என்றாள்.

டயரை மாற்றிப் பார்த்தாள். ஆடியது. ஸ்டியரிங் மூட்டு என்றாள். புது மூட்டு போட்டாள். ஆடியது. பேரிங் என்றாள். பிரித்தால் பேரிங் புதுசு போல இருந்தது. சோதனைக்கு எட்டு நாள். மீட்பு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது என்பது குழுவின் சட்டம். நாற்பது மைல் நெடுஞ்சாலையில் அறுபதில் வந்துதான் கழுதைப் படியைத் தொட வேண்டும். இந்த வண்டி முதல் பாலத்தையே தாண்டாது.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தன் வெல்டை மட்டும் தொடவில்லை.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஷெட்டில் உட்கார்ந்து சாசேஜ் வைத்த பன் தின்றுகொண்டிருந்தோம். லவார் தொண்டையைச் செருமினான்.

"நெல்டா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"கோவிச்சுக்கக் கூடாது."

"அப்ப சொல்லாத."

"கடையில சாமான் தள்ளுற வண்டி இருக்குல்ல..."

"யோவ், நான் என்ன கவலைல இருக்கேன், நீ காய்கறிக் கடைய இழுக்கிற!"

"கேளேன். நூறு வண்டில ஒண்ணு முன் சக்கரம் கடகடன்னு ஆடும். முப்பது வருஷம் பார்க்கிங்ல அதப் பொறுக்கித் தள்ளினவன் நான். எடுத்துப் பாத்தா சக்கரத்துல ஒண்ணும் இருக்காது. சக்கரம் திரும்புற கம்பி இருக்கு பாரு, அது எங்கயாச்சும் முட்டித் தலை முன்னால சாஞ்சிருக்கும். தலை பின்னால சாஞ்சிருந்தா சக்கரம் ஒழுங்கா பின்னாடியே வரும். முன்னால சாஞ்சா பேயாட்டம் ஆடும்."

நெல்டா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"நம்ம வண்டிலயும் சக்கரம் ஒரு முளையிலதானே திரும்புது? நான் வாளியோட நின்னப்பல்லாம் அதத்தான் பாத்துட்டிருந்தேன். தலை முன்னால சாஞ்சிருக்கிற மாதிரி எனக்குத் தோணுது. எனக்கென்ன தெரியும்."

பன்னைக் கீழே வைத்தாள். கோணம் பார்க்கும் மட்டத்தை எடுத்துக்கொண்டு அடியில் போனாள். மட்டம் இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எங்கள் சுரங்கத்தில் மட்டுமே கேட்கக்கூடிய சில வார்த்தைகள் வந்தன. லவார் காதைப் பொத்திக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். கியர் குண்டும் சக்கர முளையும் ஒரே இரும்பு. குண்டின் மூக்கை ஷாஃப்டுக்காகத் தூக்கியபோது முளையின் தலையும் கூடவே முன்னால் சாய்ந்துவிட்டது. கீழே இருக்கும் மெஷின்களில் இதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. கரி இழுக்கும் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். அங்கே ஷாஃப்ட் நேராக இருந்தால் போதும். அறுபது மைல் வேகம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் கை மறந்துவிட்டது.

அடியிலிருந்து வெளியே வந்தாள். லவாரைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மொத நாள் தரையிறக்கினப்பவே கொஞ்சம் தோணுச்சு."

"சொல்ல வேண்டியதுதானேய்யா!"

"நீ வெல்டர். நான் தக்காளி அடுக்கினவன்."

அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் தலையைப் பிடித்து நெற்றியில் கிரீஸோடு ஒரு முத்தம் வைத்தாள். பிறகு கிரைண்டரை எடுத்தாள்.

அவள் வைத்த வெல்டு எப்படிப்பட்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் வைத்ததென்றால் ஒரு மத்தியானத்தில் அறுத்துவிடலாம். இது இரும்போடு இரும்பாகப் போயிருந்தது. மூன்று நாள் அறுத்தாள். பதினேழு கிரைண்டர் தட்டு தேய்ந்தது.

"எந்தக் கழுதைடா இப்படி வெல்டு வெச்சது!" என்று அடியிலிருந்து கத்துவாள்.

"தெரிஞ்ச கழுதைதான்" என்பான் லவார், வாளியோடு.

"வாய மூடிட்டு தூளப் போடுய்யா!"

இந்த முறை இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பொட்டு வைத்தாள். நாலே நாலு பொட்டு. வண்டியைத் தரையிறக்கினாள். ஸ்ட்ரெச்சர், கயிறு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றினாள். என்னையும் லவாரையும் உள்ளே உட்கார வைத்து, எங்கள் கனத்தோடு சேர்த்து அளந்தாள். முளையின் தலை நான்கு டிகிரி பின்னால் சாய்ந்து நின்றது. ஷாஃப்ட் இப்போது கொஞ்சம் கோணல். அதற்காக, மேல் முனையில் இரட்டை மூட்டு வைத்த ஷாஃப்ட் ஒன்றை அதே பழைய வண்டிக்காரனிடம் தேடி எடுத்து வந்தாள். கோணல் ஷாஃப்டைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளித்தாள். ஆனால் விட்டுவிட்டாள். முழு வெல்டை ஓட்டி முடித்தபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பிரேக் குழாய் மாட்டி, காற்றெடுத்து முடிப்பதற்குள் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

கோர்ட் வாசலில் ஒன்பது வண்டி வரிசை. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர் என்பது சட்டம். நெல்டாவுக்குப் பக்கத்தில் லவார். உயரம் என்றால் அவனுக்குப் படியேறக்கூடப் பயம். ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் கஸ்ஸின் வண்டியில்.

கஸ் ரோட்டைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியையே பார்த்தார்.

"ஆடுதா?"

"இன்னும் நாப்பதுதான்."

"இப்ப?"

"அம்பத்தஞ்சு. ஆடல."

"பொய் சொல்லாதய்யா. யூனியன்காரன் எப்பவும் தன் ஆளுக்குத்தான் பேசுவான்."

"நீங்களே பாருங்களேன்."

அந்தப் பாலம் வந்தது. எங்கள் வண்டி தட்டித் தாண்டியது. பின்னால் சிவப்பு வண்டியின் மூக்கு ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது. நேராக வந்தது. கஸ் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார், அவ்வளவுதான்.

கழுதைப் படி என்பது ஓடைக்குள் மூன்று பாறைத் திட்டு. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். நெல்டாவின் முறை வந்ததும் எஞ்சினை அலற விட்டு மோதினாள். முதல் திட்டு ஏறியது. இரண்டாவதில் பின்பக்கம் வழுக்கி, குறுக்கே திரும்பி இறங்கிவிட்டது.

"ஒண்ணு" என்றார் கஸ்.

இரண்டாவது தடவையும் அதே மாதிரி. அலறல், தூசி, வழுக்கல். லவார் கண்ணை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"ரெண்டு."

இன்னும் ஒன்றுதான். தப்பினால் ரேடியோ மேசை. நெல்டா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். பாறையைப் பார்த்தாள். பிறகு தன் ஆக்ஸிலைக் குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பழைய வண்டில வேகமா அடிச்சாத்தான் ஏறும். உடையறதுக்குள்ள தாண்டிடணும்னு அடிப்பேன். இன்னும் அதையேதான் பண்ணிட்டிருக்கேன், இல்ல?"

"எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத்தான் எதுவுமே தெரியாதே."

திரும்பப் போய் ஏறினாள். ஆக மெதுவான கியரில் போட்டாள். இந்த முறை எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. வண்டி நடந்தது. முதல் திட்டில் இடச் சக்கரம் ஏறியது. குழாய் சாய்ந்து வலச் சக்கரத்தைப் பாறைக்குள் அழுத்தியது. அது பிடித்தது. பட்டைகள் முனகின. இரண்டாவது திட்டு. ஒரு பக்கம் வானத்தைப் பார்த்தது, லவாரின் வெள்ளைச் சட்டை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நின்றது. ஒரு விரல் அளவு பின்னால் வந்தது. கஸ் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி நடந்தது. மூன்றாவது திட்டின் மேல் நான்கு சக்கரமும் நின்றபோது முதலில் கதவைத் திறந்து இறங்கியவன் லவார். இறங்கி, தரையில் உட்கார்ந்துகொண்டான்.

கஸ் பட்டியலை எடுத்தார். பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

"மெதுவா ஏறணும்னு புரிய உனக்கு ரெண்டு தடவை தேவப்பட்டுச்சு."

"உன் பொண்டாட்டிய விடக் கம்மிதான், உன்னப் புரிஞ்சுக்க அவளுக்கு நாப்பது வருஷம்!"

கஸ் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது மூன்றாவதோ நான்காவதோ.

அடுத்த செவ்வாய்க்கிழமையே அழைப்பு வந்தது. மான் வேட்டைக்கு வந்த ஒருவன் மேட்டில் கால் மடங்கி விழுந்திருந்தான். கணுக்கால் இரண்டு துண்டு. வேறு வண்டி ஏற முடியாத இடம். நெல்டா போனாள், நானும் கூடப் போனேன். முன் ஆக்ஸில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆக்ஸிலும் இந்தப் பட்டையும் பாறைக்கு நல்லது, முதுகுக்கு நல்லதில்லை. ஒவ்வொரு கல்லும் உச்சந்தலை வரை வரும். ஸ்ட்ரெச்சரில் கட்டிப் போட்ட அந்த வேட்டைக்காரன் பாதி வழியில் அலறத் தொடங்கினான்.

"அம்மா! தாயே! இது வண்டியா, இல்ல கல்லு ஒடைக்கிற மெஷினா? கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதா?"

நெல்டா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்பா. நிறுத்தட்டுமா?"

"வேணாம், வேணாம்! போங்க!"

போனாள்.